இருபத்திரண்டாயிரம் ஓம்

நான் தட்டியபோதும் அப்படித்தான் கேட்டது. என் கைக்கு எந்த ஆபரேஷனும் நடக்கவில்லை, முழங்கையில் தையல் இல்லை, சுண்டுவிரல் மரத்துப்போனதில்லை, ஐம்பத்து நான்கு வயதில் என் உடம்பில் ஒழுங்காக இருக்கிற ஒன்றிரண்டில் இந்த வலது கையும் ஒன்று. அந்தக் கையால், கிட்டார் வாசிக்கத் தெரியாத கையால், சும்மா ஒரு தந்தியைத் தட்டினேன். ஹெட்போனில் வந்தது சைலஸின் சத்தம். போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி, முனை மழுங்கி, தள்ளி எங்கேயோ. நான்கு மாதத்துக்கு முன்னால் இதே அறையில், ஜன்னலோரம் கிடக்கிற அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து சைலஸ் வாசித்தபோது வந்த அதே மங்கல். மறுபடி தட்டினேன், பலமாக. சத்தம் கூடியது, மங்கல் போகவில்லை. கிட்டார்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன், நினைக்க ஆசைப்பட்டேன் என்று சொல்ல வேண்டும். ஆர்.எஸ். புரத்தில் ஒருவர் வேண்டாமென்று கொடுத்த பழைய கிட்டார், அதனிடம் என்ன எதிர்பார்க்க முடியும். ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு நடுவில் இரண்டே சுரம் கிட்டார் வேண்டும், அதற்கு எதற்கு ஆள், நானே தட்டிக்கொள்கிறேன் என்று வாங்கி வந்தது. ஆள் இல்லை என்பதைத்தான் அப்படிச் சொல்லிக்கொண்டேன். கேபிளை மாற்றினேன். மங்கல். வேறு கேபிள். மங்கல். மணி பத்தே முக்கால், செவ்வாய்க்கிழமை, மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, நான் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தபடி இருந்தேன். உள்ளே போய்ப் பார்க்க வேண்டியதுதான், அது தெரியும், கை மட்டும் போகவில்லை.

பெட்டி என்று சொல்வது சைலஸ் வைத்த பேர். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது, கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்ப்கள் உலகத்தில் எத்தனை உண்டோ அத்தனையின் சத்தமும் கணக்காக அதற்குள் ஏற்றியிருக்கிறது. கிட்டாரை அதில் சொருகினால் போதும், எந்த ஆம்ப் வேண்டுமோ அதுபோல நடிக்கும், காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றுகிற எந்த பெடல் வேண்டுமோ அதுபோல நடிக்கும். நான் வாங்கி வந்த அன்று அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இந்தப் பொட்டிக்குள்ள என்னையும் போட்டு வெச்சிருவாங்களாடா பாணி?” என்று கேட்டான். தண்டபாணி என்கிற என் பெயரை அவன் ஒருவன்தான் பின்பக்கமாக வெட்டிக் கூப்பிடுவான், மற்றவர்களுக்கு நான் தண்டபாணி சார், இன்னும் சிலருக்கு ரெக்கார்டிங்காரர். பம்ப் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு மேடை போட்டு ஆர்க்கெஸ்ட்ரா வைத்த வருடம் பழக்கம். அவன் தரம் பார்க்கிற பிரிவு, நான் மோட்டாருக்குள் போகிற செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற பிரிவு. நான் கீபோர்டில் நான்கு விரலை வைத்துக்கொண்டு திணறுவேன், அவன் பக்கத்தில் நின்று யாரையும் பார்க்காமல் வாசிப்பான். அன்றிலிருந்து முப்பது வருடம், கம்பெனிக்கு வார லீவு செவ்வாய்தான், வாரா வாரம் செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு வருவான், ஒன்றரைக்குப் போவான். கல்யாண ரிசப்ஷன் ட்ராக், கடை விளம்பரம், எதுவும் இல்லையென்றால் சும்மா. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவன் செய்துகொண்டான், அதனால் செவ்வாய்க்கிழமையில் எந்த மாற்றமும் வரவில்லை. மற்ற ஆறு நாள் எனக்கு எப்படிப் போனது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

உள்ளே போய்ப் பார்த்தேன். பெட்டியின் திரையில் முதல் பக்கத்திலேயே இருந்தது. வரிசையில் முதல் ஆளாக ஒரு ஃபஸ் பெடல், அணைத்து வைத்த நிலையில், சாம்பல் நிறமாக. சைலஸ் ஆஸ்பத்திரி, பிசியோதெரபி என்று வராமல் இருந்த ஆறு மாதத்தில் ஏதோ ஒரு விளம்பரத்துக்கு யாரோ அனுப்பிய செட்டிங்கை ஏற்றினேன், கரகரவென்று ஒரு சத்தம் கேட்டார்கள். வேலை முடிந்ததும் ஃபஸ்ஸை அணைத்தேன். வரிசையிலிருந்து எடுக்கவில்லை. அணைத்தால் போதும் என்று நினைத்தேன். அதற்கு மேல் வரியில் உள்வாங்கும் தடை, ஆட்டோ. ஆட்டோ என்றால் வரிசையில் முதலில் யார் நிற்கிறாரோ அவருக்கு ஏற்ற தடையைப் பெட்டியே வைத்துக்கொள்ளும், அவர் விழித்திருந்தாலும் சரி, தூங்கினாலும் சரி. பழைய ஃபஸ் பெடல்கள் உள்வாங்குகிற இடத்தில் முரடு, பிடித்து இழுக்கும், அந்த இழுப்பில்தான் அவற்றின் அழகே. பெட்டி அதையும் விசுவாசமாக நடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் எழுதியிருந்தது இருபத்திரண்டாயிரம் ஓம். இருக்க வேண்டியது பத்து லட்சம். நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை, அதுதான் தாங்கவில்லை. இருபத்தாறு வருடம் செம்புக் கம்பியோடு வாழ்ந்தவன், ஒரு நாளைக்கு நூறு மோட்டாருக்கு மெகா ஓம் கணக்கில் தடை பார்த்துக் கையெழுத்துப் போட்டவன். கிட்டாரில் தந்திக்குக் கீழே இருக்கிற பிக்கப்பும் காயில்தானே, காந்தத்தின் மேல் முடியைவிட மெல்லிசான கம்பியைச் சில ஆயிரம் சுற்றுச் சுற்றியது. அதிலிருந்து வருகிற மின்சாரம் நோஞ்சான். வாங்குகிற இடம் இழுக்காமல் வாங்க வேண்டும். பத்து லட்சம் இருந்தால் தந்தி சொல்வதைக் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான், வேறெதையும் எடுத்துக்கொள்ளாது. இருபத்திரண்டாயிரம் இருந்தால் கையைப் பிடித்து இழுத்துப் பேசச் சொல்கிற மாதிரி, மேல் சத்தமெல்லாம் வழியிலேயே செத்துவிடும், மிச்சம் வருவது கனமும் மங்கலும்தான். இதை நான் சைலஸுக்கே ஒரு தடவை காகிதத்தில் வரைந்து விளக்கியிருக்கிறேன், அவன் கொட்டாவி விட்டான்.

மேலே தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் மோட்டாரை அணைத்தேன், மாடியிலிருந்து சுவரோடு தண்ணீர் இறங்கி வாசலில் ஓடியது, எதிர்வீட்டுக்காரர் ஒரு பார்வை பார்த்தார், தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிப் போன வாரம்தான் தெருக் கூட்டத்தில் நான் பேசினேன். மறுபடி வந்து உட்கார்ந்தேன். மோட்டார் நின்றதும் அறை பெரிதாகிவிட்டது. யோசி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், தேதி வாரியாக யோசி. என்னிடம் தேதி இருக்கிறது, அதுதான் என் வழக்கம், என் ஒழுங்கு, என் பெருமை. வேலை தொடங்குவதற்கு முன் சைலஸை ஆறு தந்தியையும் ஒவ்வொன்றாக, மெதுவாக, ஒரு தட்டுத் தட்டச் சொல்வேன். அதைப் பதிவு செய்து தேதி போட்டு வைப்பேன். “ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கற மாதிரி,” என்பான். ஏழு வருடத்துச் செவ்வாய்க்கிழமைகள் இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் அரை நிமிடம். திறந்து பார்த்தேன். ஆபரேஷனுக்கு முந்தைய கடைசிச் செவ்வாய், கண்ணாடி மேல் நகம் பட்ட மாதிரி பளிச். திரும்பி வந்த முதல் செவ்வாய், மங்கல். இரண்டாவது, மங்கல். மூன்றாவது, நான்காவது. அந்த நான்கு வாரமும் நான் என்ன செய்தேன். சத்தத்தைக் கூட்டினேன். திருகினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, பரவாயில்லடா, கொஞ்ச நாளில் வந்துவிடும் என்றேன். அவனுக்கு முழங்கையில் நரம்பு அழுந்தி, சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்து, கட்டைவிரலில் பிடிமானம் போய், தந்தியைத் தட்டுகிற பிளாஸ்டிக் வில்லையே கையிலிருந்து நழுவி விழுந்துகொண்டிருந்தது, அதற்குத்தான் ஆபரேஷன். டாக்டர் சரியாகிவிடும் என்றார், முழுசாக என்று சொல்லவில்லை. அதனால் மங்கல் கேட்டதும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. காரணம் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது, தையல் தழும்போடு.

நான்காவது செவ்வாய்தான் நான் அதைச் செய்தேன். “நீயே கேளு,” என்றேன், ஹெட்போனை அவன் தலையில் மாட்டினேன். முதலில் பழையது. பிறகு அன்றைக்கு எடுத்தது. பழையது, புதியது, பழையது, புதியது. நான்கைந்து தடவை மாற்றி மாற்றிப் போட்டேன், ஒரு தடவை போதாதா. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு கண்ணைத் திறந்து பெட்டியையோ என்னையோ பார்க்கவில்லை, வலது உள்ளங்கையைப் பார்த்தான், அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல. “சரியாத்தான் சொல்ற,” என்றான். நான் அவன் தோளில் கை வைத்தேன், கரிசனமாகத்தான் வைத்தேன், ஆனால் அந்த நேரத்தில் எனக்குள் சின்னதாக ஒரு குளிர்ச்சி ஓடியதே, அது என்ன. அதை யாரிடமும் சொல்லியதில்லை, எனக்கே சொன்னதில்லை. முப்பது வருடம் அவன் வாசித்தான், நான் பட்டன் அழுத்தினேன். கேட்டவர்கள் கிட்டார் யார் என்று கேட்டார்கள், ரெக்கார்டிங் யார் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அன்றைக்கு முதல் தடவையாக அவன் கை கீழே, என் காது மேலே. நான் சொல்கிறேன், அவன் ஒத்துக்கொள்கிறான். அது பொறாமையா. முப்பது வருடம் ஒரே தட்டில் பக்கோடா தின்றவனிடம் பொறாமையா. இல்லை என்று சொல்ல வாயெடுக்கிறேன், சொல்ல முடியவில்லை. அது இல்லாமல் இருந்திருந்தால் ஒரு தடவையாவது பெட்டிக்குள் போய்ப் பார்த்திருப்பேன். ஒரு நிமிட வேலை. இன்றைக்கு யார் வாசித்தது மங்கலாகக் கேட்டது, நான் வாசித்தது. என் கை என்றதும் நான் முதலில் கிட்டாரைச் சந்தேகப்பட்டேன், பிறகு கேபிளை, பிறகு பெட்டியை. என் கையை நான் சந்தேகப்படவே இல்லை.

அவன் தந்திகளைத் துடைத்தான், ஒவ்வொன்றாக, வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டான், உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். படியில் இறங்கும்போது நின்று ஒன்று கேட்டான். அதை நான் இந்த நான்கு மாதமும் நினைக்காமல் பார்த்துக்கொண்டேன், வேறு எதை நினைத்தாலும் படி வரைக்கும் வந்து திரும்பிவிடுவேன். இன்றைக்குத் திரும்ப முடியவில்லை. “பொட்டியில ஒண்ணும் இல்லயேடா?” என்று கேட்டான். கேட்டான். அவனே கேட்டான். நான் என்ன சொன்னேன். “பொட்டிக்கென்னடா, அதுக்கு நரம்பா இருக்குது,” என்றேன். சிரித்தேன். அவனும் சிரித்தான், நான் சிரித்ததால் சிரித்தான், பிறகு இறங்கிப் போய் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனான், வாசலில் ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே. அடுத்த செவ்வாய் வரவில்லை. ஃபோன் செய்தேன், உடம்பு அசதி என்றான். அதற்கடுத்த வாரம் ஏதோ வேலை. அப்புறம் நான் கூப்பிடவில்லை, அவன் மனசு கஷ்டப்படும் என்று. இதுவும் ஒரு அழகான காரணம், எனக்கு இப்படிக் காரணங்கள் நன்றாக வரும். போன மாதம் உழவர் சந்தையில் அவன் மனைவி ஸ்டெல்லாவைப் பார்த்தேன். கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “வீட்டுல கிட்டார எடுக்கறதே இல்லீங்ணா,” என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் தக்காளி வாங்க வந்ததை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டுச் சுவரில் சாத்தி வைத்த கிட்டார் ஒன்று, உறையோடு, என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

சொல்ல வேண்டும். சொல்லாமலும் இருக்கலாம். தடையை இப்போதே பத்து லட்சத்துக்கு மாற்றிவிட்டு, ஜவுளிக்கடை வேலையை முடித்துவிட்டு, கஞ்சி வைத்துக் குடித்துவிட்டுப் படுக்கலாம், யாருக்குத் தெரியும். உலகத்தில் இது தெரிந்தவன் நான் ஒருவன். ஆனால் அவன் தன் கை போய்விட்டது என்று நம்பிக்கொண்டு அங்கே இருக்கிறான். டம்ளரை எடுக்கும்போதும் சட்டைப் பொத்தானைப் போடும்போதும் அந்தக் கையைப் பார்ப்பான். அவனுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியும், ஒரு ஃபோனில் முடியும், கொடுத்தால் நான் யார் என்பதும் கூடவே போகும். எப்படித் தொடங்குவது. சைலஸ், ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயமா. சைலஸ், பெட்டியில் ஒரு செட்டிங் மாறியிருந்தது. யார் மாற்றியது. சைலஸ், நான் ஒரு முட்டாள். அது அவனுக்கு முப்பது வருடமாகத் தெரியும். கத்துவான். கத்தட்டும். நான்கு மாதம்டா, என்னைக் கொன்னுட்டயேடா என்று கத்தினால் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், பதில் பேச மாட்டேன், முடித்ததும் வா என்று சொல்வேன். வருவான். கோபத்தில் வருவான், வந்து பெட்டியை ஒரு உதை விடுவான், பிறகு உட்கார்ந்து ஆறு தந்தியையும் தட்டுவான். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவன் வரப்போகிறான் என்று நினைத்ததிலேயே. இத்தனை நாள் இந்த வீட்டில் பேச்சு சத்தமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மணி பதினொன்றேகால். எண்ணை அழுத்தினேன்.

“சொல்றா,” என்றான். பின்னால் ஏதோ கூட்டமாகச் சத்தம், நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம்.

நான் சொன்னேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபஸ்ஸை எடுக்காமல் விட்டது, ஆட்டோ, இருபத்திரண்டாயிரம், என் கையால் தட்டியும் மங்கலாக வந்தது, ஃபைல்களை மாற்றி மாற்றிப் போட்டது, படியில் அவன் கேட்டது, நான் சிரித்தது. குளிர்ச்சியை மட்டும் சொல்லவில்லை. “உன்ற கைக்கு ஒண்ணும் இல்லடா சைலஸ்,” என்று முடித்தேன். “உன்ற கை நல்லா இருக்குது.”

“தெரியும்டா,” என்றான்.

“என்ன தெரியும்?”

“கை நல்லா இருக்குன்னு. அந்த வாரம் ஞாயித்துக்கெழமையே தெரிஞ்சுபோச்சு. சர்ச் ஹால்ல பழைய ஆம்ப் ஒண்ணு கெடந்துது. கடைசியா ஒருக்கா பாத்தர்லாம்னு சொருகுனேன். பளிச்சுன்னு வந்துது. அப்பறம் கிட்டாரை அங்கயே வெச்சுட்டேன். வாரம் ரெண்டு நாள் வாசிக்கறேன். இப்பக்கூட அங்கதான் இருக்கறேன், நாளைக்கு ஒரு கல்யாணம்.”

நாற்காலிச் சத்தத்துக்கு நடுவில் யாரோ தந்தியை முறுக்கிச் சுருதி பார்ப்பது எனக்கும் கேட்டது. என் கண்ணுக்குள் நின்றிருந்த உறை போட்ட கிட்டாரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

“பொட்டியிலதான் கோளாறுன்னு அப்பவே தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“நீ பாப்பேன்னு இருந்தேன். அதெல்லாம் பாக்கறவன்தான நீ. பாத்துட்டேன்டான்னு கூப்புடுவேன்னு மூணு செவ்வாக்கெழமை ஃபோனப் பக்கத்துலயே வெச்சிருந்தேன்.”

“நான் என்னமோ நீ வாசிக்கறதயே விட்டுட்டயாட்ட இருக்குதுன்னு...”

“வாசிக்கறத விடலடா பாணி. உங்கூட வாசிக்கறதத்தான் விட்டேன்.”

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வானே, அந்தக் குரலில் சொன்னான். அங்கே யாரோ, சைலஸண்ணா, தொடங்கலாங்களா என்று கூப்பிட்டார்கள், இதோ என்றான். நான் கேட்டுவிட வேண்டும், இப்போது விட்டால் வாழ்நாளில் கேட்க மாட்டேன் என்று தெரிந்தது.

“அடுத்த செவ்வாக்கெழமை வர்றயா?”

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அது எனக்குக் கேட்டது.

“இல்லடா,” என்றான்.

அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் கெஞ்சிப் பார்த்திருப்பேன்.